மரணச் சுற்று

ஷொர்ணூர்
12 ஜூன் 1994

எத்தனையோ பிரியமுள்ள விலாசினி சேச்சி வாசித்தறிய ஓமனா எழுதுவது.

நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மஸ்கட் ஆஸ்பத்திரியில் இன்னும் நின்றே சாகிறாயா, உட்கார நாற்காலி கொடுத்தார்களா?

எனக்கு ஒரு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. ரயில்வே பிளாட்பாரத்தில் படுத்துக் கிடப்பவர்களுக்காக இங்கே ஒரு டிரஸ்ட் வீடு கட்டுகிறது. ஆளுக்கு ஓர் அறை, பொதுவில் ஒரு சமையலறை. ரேஷன் கார்டு எடுத்துக் கொடுக்கவும் வேலை தேடித் தரவும் ஒரு ஆள் கூடவே இருப்பார். எட்டு மாதம் தங்கிக் காலூன்றிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட வேண்டும். வழியம்பலம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. பிளான் போடுவது நான். நாம் படுத்திருந்த அதே பிளாட்பாரம், சேச்சி. வேறு யாருக்கும் இந்த வேலையை விட்டுக்கொடுப்பேனா?

என்ன வேண்டும் என்று அங்கே படுப்பவர்களிடமே கேட்கப் போனேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கிழவன். அழுக்கு வேட்டிதான், ஆனால் உட்கார்ந்திருந்த தோரணை சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி. தொண்டையைச் செருமினான் பார், எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. ராவுண்ணி மாமா. நம் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

ஆசாரியைக் கட்டிக்கொண்டு ஓடினவள் என்று அம்மாவை வெளியே நிறுத்திக் கதவைத் தாழிட்டவன். அப்பா செத்த வருஷம், கர்க்கடக மழையில், நீயும் நானும் அவனுடைய புலாக்கல் வீட்டு வாசலில் கதவைத் தட்டித் தட்டி நின்றோமே. அடுக்களை ஜன்னல் வழியாக அவன் பெண்டாட்டி நாராயணி அத்தை எறிந்தாளே தலை துவட்ட ஒரு துண்டு, அதைத் தவிர அந்த வீட்டிலிருந்து நமக்கு ஒரு பருக்கை வந்ததுண்டா? அம்மா அந்த மழையோடு காய்ச்சலில் போனது இதே குழாயடியில்தான். இப்போது அங்கே அவன் படுத்திருக்கிறான்.

என்னை அடையாளம் தெரியவில்லை. "என்ன பொண்ணே வெறிச்சுப் பாக்கறே? கணக்கெடுக்க வந்தியா?" என்றான்.

என்ன செய்யட்டும், சொல்.

உன் ஓமனா

*

மஸ்கட்
3 ஜூலை 1994

ஓமனே,

கடிதம் கிடைத்தது. முட்டி அப்படியேதான். நீ இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு.

என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறாயா? நீ வேலாயுதன் ஆசாரியின் மகள். நான் வார்டில் ஊசி போடுகிறவள், எனக்கே தெரிகிறது, உனக்குத் தெரியவில்லையா? அறையின் சுற்றளவுக்கு ஐந்து பருவம் என்று அப்பா விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டாயா? பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம். மரணத்தில் விழுகிற சுற்றில் நாய்க்கூடுகூடக் கட்டமாட்டேன் என்பார்.

அவனுக்குக் கட்டு. ஓர் அறை, ஒரே ஓர் அறை, மரணச் சுற்றில். அப்பாவின் முழக்கோல் உன்னிடம்தானே இருக்கிறது? அதை வைத்தே அள. நாலு விரல் குறைத்தால் எந்த இன்ஜினியருக்குத் தெரியப்போகிறது? கூப்பிட்டு, உபசரித்து, உள்ளே விடு. கிடக்கட்டும்.

அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே. ஊர்க்கதை, வீட்டுக்கதை எதுவும் கேட்காதே. பாவம் பார்க்க வைத்துவிடுவான்.

மழையில் நனையாதே.

விலாசினி

*

ஷொர்ணூர்
20 ஜூலை 1994

பிரியமுள்ள சேச்சிக்கு,

இங்கே மழையைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு பிளானைத் திருத்தினேன். வடகோடியில், கிணற்றுப் பக்கம் ஒரு அறை. மற்ற அறைகளுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கோட்டை அழித்துப் போட்டபோது ஒரு சந்தோஷம்தான் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம்.

மற்றவர்களுக்காக உயிரைக் கொடுத்து வரைகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டையைத் தலைமாட்டில் வைக்காமல் யாருக்கும் தூக்கம் வராது, அதனால் கட்டில் தலைப்பக்கம் சுவரிலேயே ஒரு மாடம். ஆஸ்பத்திரி மாதிரி நீளத் தாழ்வாரம் கிடையாது, எல்லாக் கதவும் முற்றத்தைப் பார்க்கும். பார்சல் ஆபீஸ் ஓரம் படுக்கிற கதீஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மத்ததெல்லாம் நீ எப்படி வேணா கட்டு மோளே. உள்பக்கம் தாழ்ப்பா மட்டும் எனக்குக் கெட்டியா வை. பத்து வருஷமா கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கறேன்" என்றாள். எல்லாருமே முதலில் கேட்டது தாழ்ப்பாள்தான்.

ஒருத்தனைத் தவிர. "எனக்குத் தாழ்ப்பா வேணாம். சும்மா சாத்தினாப் போதும். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது" என்றான் ராவுண்ணி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சேச்சி. அவனுக்கு ஆகாதாம்!

ஒன்று கேட்கிறேன். தென்னந்தோப்பும் களமும் வைத்திருந்தவன் எப்படிப் பிளாட்பாரத்துக்கு வந்தான் என்று நீ கேட்கவே இல்லையே? எனக்கு அதை அறியாமல் தலை வெடிக்கிறது.

உன் ஓமனா

*

மஸ்கட்
30 ஆகஸ்ட் 1994

ஓமனே,

பதில் தாமதம். இரண்டு நர்சுகள் லீவில் போய்விட்டார்கள், ஒரே அலைச்சல். சுகம்தான்.

அவன் எப்படி வந்தால் நமக்கென்ன? மகன் பம்பாயில் கடன்பட்டு வீட்டை விற்கவைத்திருப்பான். குடித்து அழித்திருப்பான். ஊரில் நடக்காததா?

அறை வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று எழுது. தாழ்ப்பாள் வேண்டாம் என்றானா? பார்க்கலாம். ஓணத்துக்குப் பிறகு ஒரு ஆள் உன்னிடம் ஒரு சாமான் கொண்டுவந்து தருவான். அதை அவன் அறைக் கதவில் பொருத்து. பார்த்ததும் உனக்குப் புரியும்.

விலாசினி

*

ஷொர்ணூர்
2 அக்டோபர் 1994

சேச்சிக்கு,

சாக்கில் சுற்றி ஒரு ஆள் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்தேன். ஈட்டி மரம், பித்தளைக் குமிழ், குமிழுக்குக் கீழே அப்பா தன் உளியால் செதுக்கிய சின்ன மயில். புலாக்கல் வீட்டு முன்கதவுத் தாழ்ப்பாள். அதன் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டொக்.

மயிலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. கதவுக்குச் சொந்தக்காரர் சொல்லாமல் தாழ்ப்பாளை யார் கழற்றுவார்கள்? கொண்டுவந்தவனைக் கேட்டேன். "வீட்டுக்காரம்மா கழட்டிக் கொடுக்கச் சொன்னாங்க" என்றான்.

எந்த வீட்டுக்காரம்மா, சேச்சி?

ஓமனா

*

மஸ்கட்
25 அக்டோபர் 1994

ஓமனே,

ஆமாம். நான்தான்.

போன வருஷம் புலாக்கல் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். வேறு ஒருத்தன் பெயரில் வாங்கினேன். பத்திரம் பதிந்த மறுநாளே காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினேன். வாடகைக்காவது இருந்துகொள்கிறோம் என்று கெஞ்சினானாம். கதவைச் சாத்து என்று சொல்லியனுப்பினேன். இதற்காகத்தான் நான் இந்த மணலில் இருபது வருஷம் அடுத்தவர்களுக்கு மலச்சட்டி எடுத்தேன். உன்னைப் படிக்கவைத்தது ஒரு பாதி, இது மறுபாதி.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உனக்கே தெரியும். உனக்கு மனசு இளகல். நீ அங்கே பிளாட்பாரத்தில் அவனைப் பார்ப்பாய் என்று நான் கனவா கண்டேன்? பார்த்தாய், நல்லதாகப் போயிற்று. ஆண்டவனே முடித்துவைக்கிறான் என்று நினைத்தேன்.

மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். புலாக்கலில் நடு அறையில், அவன் படுத்த இடத்தில், கால்நீட்டிப் படுப்பேன். நீயும் வா. அம்மா படத்தை உம்மரத்துத் திண்ணையில் மாட்டுவோம்.

இதில் என்ன தப்பு? சொல்லு பார்ப்போம்.

விலாசினி

*

ஷொர்ணூர்
18 நவம்பர் 1994

சேச்சி,

சுகம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

என்ன தப்பு என்று கேட்டாய் அல்லவா? "கெஞ்சினானாம்" என்று எழுதினாயே, கூட நின்று கெஞ்சியது யார் என்று எழுதினாயா? நாராயணி அத்தை. கதீஜா சொன்னாள். கண் இரண்டும் தெரியாத கிழவியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவன் பிளாட்பாரத்துக்கு வந்தான். விஷுவுக்கு முந்தின நாள் அவள் போய்விட்டாள். "குழாயடியிலதான் மோளே. எம்மடியிலதான் தலை இருந்துச்சு" என்றாள் கதீஜா. எந்தக் குழாயடி என்று உனக்கு நான் எழுத வேண்டுமா?

அந்தத் துண்டை நீதானே என் தலையில் கட்டிவிட்டாய், சேச்சி? கடைசிவரைக்கும் அதைத்தானே அம்மாவுக்குப் போர்த்தியிருந்தோம்? அத்தை அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தேதானே ஆள் அனுப்பினாய்?

இன்னொன்றும் நடந்தது. கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை வழியம்பலத்தில் பால் காய்ச்சினோம். எட்டு மாதம் இருக்கப்போகிறவர்கள் வீட்டில் யார் பால் காய்ச்சுவது என்று ஆளாளுக்குத் தயங்க, கதீஜா போய் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் ராவுண்ணி மாமாவைக் கிணற்றுப் பக்க அறைக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போனவர் கட்டிலில் உட்காரவில்லை. சுவரோரமாகச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார். மெதுவாகச் சுற்றி வந்து என் முன்னால் நின்றார்.

"மரணச் சுத்து" என்றார். "நாலே விரல். கை தவறிப்போயி வர்ற அளவில்ல இது. இத்தன சுத்தமா வெட்டணும்னா ஆசாரி ரத்தம் வேணும். நீ வேலாயுதனோட சின்னவதானே?"

நான் வாசற்படிக்குப் பின்வாங்கினேன்.

"மூக்கைப் பாத்தப்பவே சந்தேகம். உங்கம்மா மாதவியோட மூக்கு. பரவாயில்ல பொண்ணே, உங்கப்பனுக்கு நீ சளைச்சவ இல்ல. அவனும் எனக்கு இதத்தான் பண்ணினான். மாதவியோட பேசறான்னு ஒருநாள் செவுள்ள விட்டேன். வாயத் தொறக்கலியே அவன்! புலாக்கல் நடு அறையப் பிரிச்சுக் கட்டிக்கிட்டிருந்த சமயம் அது. மரணத்துல கட்டி வச்சிட்டுப் போயிட்டான். அப்புறம் என்ன விளங்கிச்சு அந்த வீட்டுல? ரெண்டு பிள்ளையத் தூக்கிக் குடுத்தேன். அதனாலதான் உங்கம்மா வந்து நின்னப்பக் கதவைத் தொறக்கல. உங்களையும் அதுக்குள்ள விட்டுச் சாகடிக்கச் சொல்றியா?"

சொல்லிவிட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். "விளக்கை அணைச்சிட்டுப் போ. எனக்கு இது பழக்கம்தான்" என்றார்.

நீ கால்நீட்டிப் படுக்க ஆசைப்படுகிற நடு அறை அதுதான்.

ஓமனா

*

மஸ்கட்
5 டிசம்பர் 1994

ஓமனே,

பொய். அந்தக் கிழவன் வாயில் வருவதெல்லாம் பொய். கதவைச் சாத்தின பாவத்தை அப்பா தலையில் கட்டப் பார்க்கிறான், நீயும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு வந்திருக்கிறாய். அப்பா அப்படிச் செய்வாரா?

ஆனால் நீ செய்தாய். நான் செய்யச் சொன்னேன். அதுதான் எனக்கு உதைக்கிறது.

அத்தையைப் பற்றி எனக்குத் தெரியாது. கண் தெரியாது என்பது தெரியாது. இருக்கிறாள் என்று தெரியும். இதற்கு மேல் கேட்காதே.

புலாக்கலுக்குப் போய் நடு அறையை அளந்து எழுது. சாவி காவல்காரனிடம் இருக்கிறது. உடனே போ.

விலாசினி

*

ஷொர்ணூர்
24 டிசம்பர் 1994

சேச்சி,

போனேன். அப்பாவின் முழக்கோலை எடுத்துக்கொண்டுதான் போனேன். நடு அறையை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அளந்தேன். கணக்கும் போட்டேன்.

உனக்குச் சொல்லமாட்டேன்.

நீ ஒரு வருஷம் என்னிடம் ஒன்றை மறைத்தாய். என்னைக் கொண்டே ஒரு அறை கட்டவைத்தாய், என்னைக் கொண்டே தாழ்ப்பாள் போடவைக்கப் பார்த்தாய். ஒரு விஷயம் தெரியாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று நீயும் கொஞ்ச நாள் இருந்து பார். மார்ச்சில் தாராளமாக வா. நடு அறையில் பாய் விரித்துவைக்கச் சொல்கிறேன். படு. தூக்கம் வருகிறதா என்று பார்.

தெரிந்தே ஆகவேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. வழியம்பலத்தில் எட்டு மாதம் முடிகிறவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்றுதான் டிரஸ்ட்டில் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். வாடகைக்குக் கேட்டால் பிளாட்பாரத்து ஆட்களா என்று ஒதுக்குகிறார்கள். புலாக்கலை அவர்களுக்கு எழுதிக்கொடு. நாராயணி அத்தை நினைவாக, அவள் பெயர் வைத்து. கொடுத்தால் அளவைச் சொல்கிறேன்.

ராவுண்ணி மாமா நன்றாக இருக்கிறார். மரணச் சுற்றுக்குள் படுத்து ஆள் தேறிவிட்டார். மீன் குழம்பில் புளி போதவில்லை என்று நேற்று கதீஜாவோடு சண்டை. அந்த அம்மாளா விடுவாள்? "தம்புரான் சொந்த வீட்டுக்குப் போயி புளி ஊத்திக்கட்டும்" என்றாள்.

ஓமனா

*

மஸ்கட்
8 மார்ச் 1995

ஓமனே,

உன் மேல் எனக்கிருக்கும் கோபத்துக்கு அளவில்லை. உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். என்னையே பந்தயத்தில் வைத்துவிட்டாய்.

ஜனவரியிலேயே வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்தேன், பிப்ரவரியில் திரும்ப வாங்கிக்கொண்டேன். கண்ணை மூடினால் அந்த நடு அறை வருகிறது. உள்ளே அத்தை உட்கார்ந்திருக்கிறாள். மடியில் துண்டு. வேண்டாமடி எனக்கு அந்த வீடு.

பத்திரம் எழுத உனக்கு அதிகாரம் கொடுத்து, யார் பெயரில் வீட்டை வாங்கினேனோ அவன் கையெழுத்திட்ட காகிதம் இதோடு இருக்கிறது. அத்தை பெயரையே வை.

இப்போதாவது சொல். அப்பா செய்தாரா?

விலாசினி

*

புலாக்கல்
20 ஜூலை 1995

எத்தனையோ பிரியமுள்ள விலாசினி சேச்சி வாசித்தறிய ஓமனா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டிவலிக்குக் வைத்தியசாலைக் குழம்புத் தைலம் கொடுத்தனுப்புகிறேன், சூடாக்கித் தேய். பதில் தாமதமானது. வேண்டுமென்றேதான் தாமதித்தேன், ஒளிப்பானேன்?

பத்திரம் பதிந்தாயிற்று. கதீஜாவும் இன்னும் ஐந்து பேரும் இங்கே குடிவந்து மாதம் ஒன்றாகிறது. முன்கதவில் அப்பாவின் தாழ்ப்பாளை நானே திரும்பப் பொருத்தினேன். கதீஜா அதைத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறாள்.

இப்போது கேள். யௌவனம். சுத்தமான யௌவனம், சேச்சி, ஒரு நெல்லிடை பிசகில்லை. அவ்வளவு நல்ல அளவை நான் வேறெந்த வீட்டிலும் பார்த்ததில்லை. செவுளில் அறை வாங்கிய பிறகும் அப்பா அப்படித்தான் கட்டினார். அம்மா படுத்துறங்குகிற வீடில்லையா அது? கிழவன் சொன்னது அத்தனையும் பொய். டிசம்பரிலேயே எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை வைத்துத்தான் உன்னிடமிருந்து வீட்டை வாங்கினேன். திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

நானும் மரணத்தில் ஒரு அறை கட்டினேன், அப்பா கட்டவில்லை. அந்த அறை காலியானதும் ஒரு சுவரை இடித்து நகர்த்தினேன். அடுத்து வருகிறவர் ஏன் சுமக்க வேண்டும்?

ராவுண்ணி மாமாவுக்குப் போன சனிக்கிழமை எட்டு மாதம் முடிந்தது. போக ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு தனியாகத்தான் வந்தார். கர்க்கடக மழை, சொல்ல வேண்டுமா? படியேறி வந்து நின்றதை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். உள்ளே வேறு யாரையும் கதவுப் பக்கம் விடவில்லை. நானே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். டொக். கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது, அவர் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது.

தட்டினார். முதலில் அதிகாரமாகத் தட்டினார். அப்புறம் அதிகாரம் போய்விட்டது. "யாராச்சும் இருக்கீங்களா? தொறங்க, நனையறேன்" என்றார். நான் மயிலின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உன்னை நினைத்துக்கொண்டேன், பன்னிரண்டு வயசில் இதே கதவைத் தட்டித் தட்டிப் புறங்கை தோலுரிந்ததே. "அளந்துட்டேன் மாமா. யௌவனம்" என்று உள்ளிருந்தே சொன்னேன். தட்டுவது நின்றது.

"தெரியும்" என்றார் கடைசியில். அழுதார் என்று நினைக்கிறேன், மழையில் சரியாகக் கேட்கவில்லை.

அடுக்களைக்குப் போய் ஜன்னல் வழியாக ஒரு துண்டை எறிந்தேன்.

அதன் பிறகு கதவையும் திறந்தேன், சேச்சி. உடனே இல்லை.

உன் ஓமனா